கெமோ அறைக்கு வந்த கஷாயங்கள்

கெமோ கொடுக்கிற அறையில் வேலை பார்க்கும் மிஸிக்குக் கண்ணைவிட மூக்கு நன்றாக இருக்கவேண்டும்.

எண்பதுகளில் கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், புற்றுநோய்க்காரர்களுக்கு மருந்து ஏற்றும் அறையில் நான் தாதியாக இருந்தேன். தாதி என்று ஏட்டில் எழுதுவோம். நோயாளிகள் வாயில் நாங்கள் எல்லாரும் மிஸிதான். கிள்ளானிலிருந்து காலை பஸ் பிடித்து வருவேன். அறைக்குப் பொறுப்பு சிஸ்டர் லிம். காப்பார் பக்கம் தமிழர்கள் நிறைந்த ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த சீனப் பெண்மணி, என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். டாக்டர் நடராஜா யாழ்ப்பாணக் குடும்பத்துக்காரர். அதிகம் பேசமாட்டார்.

காலையில் வருகிறவர்கள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து மருந்து ஏற்றிக்கொண்டு மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெரிய பாடெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த மருந்து கெட்ட அணுவை அடிக்கிற கையோடு, வாயிலிருந்து கீழே வரைக்கும் குடலின் உள்தோலையும் அடித்துவிடும். வாயெல்லாம் புண், ஓயாத வாந்தி, ஒருவருக்குப் பேதி, இன்னொருவருக்கு மலச்சிக்கல். இன்றைக்குக் கிடைக்கிற நல்ல வாந்தி மாத்திரைகள் அப்போது இல்லை. அதனால் ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் வயிற்றைக் காப்பாற்ற ஏதாவது ஒன்று கொதித்துக்கொண்டே இருக்கும். அது பிளாஸ்க்கில் ஊற்றப்பட்டு, துண்டில் சுற்றப்பட்டு, எங்கள் கண்ணில் படாமல் பைக்குள் வரும்.

நீங்களும் அப்படி ஒரு பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவராக இருக்கலாம். அல்லது என்னைப்போல் அதைப் பிடுங்கவேண்டிய வேலையில் இருந்தவராக இருக்கலாம். எப்படியானாலும் நாம் ஒரே பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்கள். இலை தழைகளை நான் கேலி செய்யவில்லை, என் சமையலறையிலும் சுக்கும் ஓமமும் இருக்கின்றன. எனக்குத் தூக்கிவாரிப்போட்ட சில சம்பவங்களை மட்டும் சொல்கிறேன்.

செடியைத் தேடிப் போனவர்

ஆறுமுகம் அண்ணே ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிரிக்ஃபீல்ட்ஸில் மகள் வீட்டில் இருந்தார். கழுத்தில் நெறிகட்டி, அது புற்று என்று தெரிந்து எங்களிடம் வந்தார். முதல் நாள் ஊசியைப் பார்த்ததும் நடுங்கிவிட்டார். அதிகம் பேசாத டாக்டர் நடராஜா அன்றைக்கு என்னவோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “பயப்படாதீங்க, நித்தியகல்யாணிப் பூ தெரியும்தானே? அந்தச் செடியில இருந்து எடுக்கிற மருந்துதான் இது” என்று தைரியம் சொன்னார். அண்ணே முகம் தெளிந்தது. எங்களுக்கும் சந்தோஷமாக இருந்தது.

சில வாரம் கழித்து அவரை மகள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. நாள்கணக்கில் மலம் போகவில்லை. விரல் நுனி மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. அந்த மருந்து இப்படியெல்லாம் செய்யும்தான். ஆனால் நாங்கள் கொடுத்த அளவுக்கு இவ்வளவு ஆகக்கூடாது. எக்ஸ்ரேயில் குடல் அசையாமல் நின்றது தெரிந்தது. டாக்டர் கணக்கை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார். எங்கேயும் பிழை இல்லை. நான் அண்ணனிடம் வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். அவர் எதையும் ஒளிக்கவில்லை. தினமும் காலையில் நித்தியகல்யாணியை வேரோடு பிடுங்கிக் கொதிக்கவைத்து ஒரு டம்ளர் குடிக்கிறாராம். ஊசி ரத்தத்துக்குப் போகிறது, வயிற்றுக்கும் அதையே கொஞ்சம் கொடுத்துப் பழக்கிவிட்டால் பிறகு மருந்து வயிற்றைத் தொந்தரவு செய்யாது என்பது அவர் யோசனை.

ஆளின் உடம்பை அளந்து, துளித்துளியாகக் கணக்குப் பார்த்து நாங்கள் ஏற்றுகிற நஞ்சை, இந்த மனிதர் அளவே இல்லாமல் டம்ளரில் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். உடனே வார்டில் சேர்த்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, சாப்பாட்டை நிறுத்தினோம். பிழைத்துக்கொண்டார். குடல் மெல்ல வழிக்கு வந்தது, விரல்கள் தேற வெகுநாள் ஆனது. அதற்குப் பிறகு எந்த மருந்து எதிலிருந்து வருகிறது என்று டாக்டர் யாரிடமும் வாய் திறந்ததில்லை. வீட்டுக்குப் போகிற அன்று, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். அண்ணே பொறுமையாகச் சொன்னார்:

“டாக்டர்தானே சொன்னாரு மிஸி, அந்தச் செடியில இருந்துதான் செய்றாங்கன்னு. பேக்டரி எதுக்கு நடுவுல, நான் நேரா செடிக்கே போயிட்டேன்.”

அல்சர்

பாக்கியம் அக்காவுக்குக் கருப்பையில் புற்று. அவரைக் கூட்டிவந்த மகன் சேகர், முதல் நாளே என்னை வராந்தாவுக்கு அழைத்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அம்மாவிடம் வயிற்றில் அல்சர் என்று சொல்லியிருக்கிறானாம். உண்மை தெரிந்தால் அம்மா அன்றைக்கே படுத்துவிடுவார், யாரும் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்றான். அறை முழுக்கப் புற்றுநோய்க்காரர்கள், சுவரில் புற்றுநோய் பற்றிப் படம், இதில் எப்படி மறைப்பது? ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நாங்களும் அல்சர் என்றே பேசினோம். முடி கொட்டியபோது “அல்சர் மருந்து சூடு” என்றான் சேகர். வாய் புண்ணானபோது “அல்சர் மேலே ஏறிடுச்சு” என்றான். தினமும் வேலைக்குப் போவதற்கு முன் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து, ஆறவைத்து, வடிகட்டிக் கொடுத்துவிட்டுப் போவான். டாக்டரிடம் கேட்டோம். நன்றாக வேகவைத்ததுதானே, கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒருநாள் சேகர் கீழே மருந்து வாங்கப் போயிருந்தான். அக்கா பிளாஸ்க்கைத் திறந்து, அந்தப் பச்சைத் தண்ணீரை முகம் சுளிக்காமல் குடித்துக்கொண்டிருந்தார். வாயில் அத்தனை புண்ணோடு எப்படித்தான் குடிக்கிறாரோ என்று, “எரியலையா அக்கா? வேண்டாம்னா மகன்கிட்ட நான் சொல்றேன்” என்றேன். அவர் கப்பைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியைக் காட்டினார். வந்த முதல் நாளே அங்கே உட்கார்ந்திருந்த அம்மாள், உனக்கு எந்த இடத்தில் கேன்சர் என்று கேட்டுவிட்டாளாம். அத்தனை மாதமாக அக்காவுக்கு எல்லாம் தெரியும். நாங்கள் அத்தனை பேரும் அவர் எதிரில் நாடகம் போட்டிருக்கிறோம், அவர் அதை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சேகர் படியேறி வரும் சத்தம் கேட்டது. அக்கா அவசரமாக மறுபடி கப்பை எடுத்தார்:

“எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவன் உடைஞ்சுபோயிடுவான் மிஸி. அல்சராவே இருந்துட்டுப் போகட்டும்.”

பச்சைச் சாறு

பூச்சோங்கிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை வந்துகொண்டிருந்தார். பெயர் கலாவதி. மார்பில் அறுவை முடிந்து கெமோவுக்கு வந்தவர். எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்கிறவர். மருந்து ஏற்றிய பிறகு சில நாட்களுக்கு ரத்தத்தில் வெள்ளை அணு இறங்கிவிடும், அப்போது ஒரு சின்னக் கிருமிகூட ஆளைக் கவிழ்த்துவிடும், பச்சையாக எதையும் சாப்பிடக்கூடாது என்று அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவரும் தலையாட்டினார். வீட்டில் மாமியார் இருந்தார், அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மருமகளின் வயிறு எரிகிறதே என்று, வீட்டுக்குப் பின்னால் ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டையோரம் முளைத்த அறுகம்புல்லைப் பறித்து, குட்டைத் தண்ணீரிலேயே அலசி, இடித்துப் பிழிந்து கொடுத்திருக்கிறார். பாசத்தோடு நீட்டினால் மருமகள் எப்படி மறுப்பாள்?

மதியம் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே மேசை மேல் சாய்ந்துவிட்டாராம். எங்களிடம் கொண்டுவந்தபோது உடம்பு அனலாகக் கொதித்தது, நாடி கையில் பிடிபடவே இல்லை. சற்றுமுன் வரை பாடம் நடத்திய பெண். டாக்டர் நடராஜா வேகமாக நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள். மாமியார் வாசலில் சுவரோடு சுவராக நின்றுகொண்டு, “புல்லுதானே குடுத்தேன், புல்லுதானே” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அழக்கூட இல்லை. அவரைப் பார்க்கத்தான் எனக்கு அதிக பயமாக இருந்தது. நல்லவேளையாகக் காய்ச்சல் மருந்துக்குக் கட்டுப்பட்டது. கலாவதி எழுந்து உட்கார்ந்து முதலில் கேட்டது, “அத்தையை யாரும் திட்டலையே?” என்றுதான்.

அடுத்த முறை மெலிந்துபோய் வந்தார். ஆனால் சிரித்துக்கொண்டு வந்தார். வீட்டில் இப்போது எப்படி என்று கேட்டேன்.

“இப்ப வாழைப்பழத்தையும் அவிச்சுத்தான் குடுக்கிறாங்க மிஸி.”

சூரணம்

ஒரு காலத்தில் எங்கள் அறைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பையில் ஒரே மாதிரிப் பொட்டலம் இருந்தது. மஞ்சள் காகிதத்தில் ‘குடல் காப்புச் சூரணம்’ என்று அச்சடித்திருக்கும். அதே சமயம் பேதியும் அதிகமானது. கெமோவால் வருகிற பேதிதான் என்று முதலில் நினைத்தோம். ஒரு வயதான அம்மாள் ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியில் பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தார். உடம்பில் சொட்டு நீர் இல்லை. அவர் முந்தானையிலும் அந்தப் பொட்டலம் முடிந்திருந்தது. கிள்ளானில் பாசார் என்கிற சந்தைக்குப் பக்கத்து நாட்டு மருந்துக்கடையில் வாங்கியது என்றார். எங்கள் ஊர்க் கடைதானே என்று லீவு நாளில் நானே போனேன்.

கடைக்காரர் மரியாதையாக உட்காரச் சொன்னார். சூரணத்தில் என்ன இருக்கிறது என்றதும் மறைக்காமல் சொன்னார். கடுக்காய், சோம்பு, நிலாவாரை. நிலாவாரை என்றால் பேதிக்குக் கொடுக்கிற இலை. குடல் புண்ணாகிக் கிடக்கிறவர்களுக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். வயிறு சுத்தமானால் குடல் பலப்படும் என்றார். நான் குரலை உயர்த்த ஆரம்பித்தேன். அப்போது உள்ளே இருந்து ஒரு பெண் தலையில் துணி கட்டிக்கொண்டு, எனக்குக் காப்பி எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் சரோஜா ஆன்டி. அந்தச் சமயத்தில் எங்கள் அறைக்குப் பொடி, இலை, கஷாயம் எதுவும் கொண்டுவராத ஒரே நோயாளி. சொன்னதைச் சொன்னபடி கேட்பார், மற்றவர்களுக்கு அவரைத்தான் நான் உதாரணம் காட்டுவேன். புருஷன் வியாபாரம் செய்கிறார் என்று மட்டும் சொல்லியிருந்தார். என்ன வியாபாரம் என்று நான் கேட்டதில்லை.

ஆன்டி என்னைப் பார்த்ததும் காப்பியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கடைக்காரரும் நானும் அந்தக் காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் எழுந்து, முன் அலமாரியில் இருந்த மஞ்சள் பொட்டலங்களை எடுத்து ஒரு சாக்கில் போட ஆரம்பித்தார். சாக்கு குப்பைக்குப் போனதா, வேறு பெயரில் வந்ததா, எனக்குத் தெரியாது. அந்த மஞ்சள் காகிதத்தை மட்டும் அப்புறம் நான் பார்க்கவில்லை. உங்கள் மனைவிக்கு ஏன் இதைக் கொடுக்கவில்லை என்று போகிறபோது கேட்டேன். அவர் சாக்கைக் கட்டிக்கொண்டே சொன்னார்:

“வெளியாளுக்கு ஒரு நம்பிக்கை குடுக்கிறேன் மிஸி. வீட்டுல அப்படியெல்லாம் விளையாட முடியாதுலா.”

ரசம்

கந்தையா ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கெமோ ஏறிக்கொண்டிருக்கும்போதும் சட்டைக் கைப் பொத்தான் போட்டிருப்பார். யார் பையிலாவது கஷாய வாசம் வந்தால் போதும், நாற்காலியிலிருந்தே பிரசங்கம் தொடங்கிவிடும். ஒரு நோய்க்கு ஒரு வைத்தியம்தான், இரண்டு தோணியில் கால் வைத்தால் ஆற்றில்தான் விழவேண்டும் என்பார். அவர் சொன்னதற்கு அவர் வாயே சாட்சி. மற்றவர்கள் எச்சில் விழுங்க முடியாமல் தவிக்க, அவருக்கு ஒரு புண் இல்லை, வயிற்றிலும் தொந்தரவு இல்லை. டாக்டர் நடராஜாவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஒரே ஒரு விஷயம்தான் டாக்டரைக் குழப்பியது. ஐயாவின் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. மாத்திரையைக் கூட்டினார், இன்னொன்று சேர்த்தார், அசையவில்லை.

ஐயாவின் மனைவி எப்போதும் கதவுக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக்கொடுத்தேன். ஐயாவின் வாய் நன்றாக இருக்கிறது, உங்கள் அதிர்ஷ்டம் என்றேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “அதிர்ஷ்டம் இல்லைப் பிள்ளை, அதிமதுரம்” என்றார். முதல் மாதத்திலிருந்து ஐயாவின் ரசத்தில் அதிமதுரம், வல்லாரை, சுக்கு எல்லாம் கொதித்திருக்கிறது. காப்பியிலும் அதிமதுரப் பொடி. நான் எழுந்தே விட்டேன். அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதை டாக்டர்தான் ஒருமுறை எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார். ஓடிப்போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நிறுத்தச் சொன்னார். அழுத்தம் இறங்கியது. அடுத்த முறை ஐயாவுக்கும் வாய்ப்புண் வந்தது. அதிமதுரம் இல்லாததாலா, மருந்துகள் சேரச் சேர எல்லாருக்கும் வருவதுபோல் வந்ததா, எனக்குத் தெரியாது. ஐயாவிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை. புண்ணோடும் அவர் பிரசங்கத்தைத் தொடர்ந்தார். இவ்வளவு நாள் எப்படி அவருக்குத் தெரியாமல் சமாளித்தீர்கள் என்று அந்த அம்மாளிடம் கேட்டேன்.

“கலியாணம் கட்டின நாளில இருந்து, ரசத்துக்க என்ன போட்டனீ எண்டு அவர் ஒருநாளும் கேட்டதில்லைப் பிள்ளை.”

தேத்தண்ணி

முனியாண்டி செராஸ்காரர். தாய்லாந்து எல்லைவரைக்கும் லோரி ஓட்டுகிறவர். வாட்டசாட்டமான ஆள். அவருக்குக் கொடுத்த மருந்துதான் எங்கள் அறையிலேயே வாந்திக்குப் பேர்போனது. போகப்போக, ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே அவருக்குக் குமட்ட ஆரம்பித்துவிடும். ஊசி போடுவதற்கு முன்பே பக்கெட்டைக் கட்டிக்கொண்டு உட்காருவார். நான்தான் முதுகைத் தடவிக்கொடுப்பேன்.

ஒருநாள் மனிதர் பக்கெட்டே கேட்கவில்லை. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, சாப்பிட நாசி லெமாக் சோறு கிடைக்குமா என்றார். மருந்து ஏறி முடிந்தும் ஒரு ஓங்கரிப்பு இல்லை. பக்கத்தில் இருந்த சீனப் பெரியவர்கூட, முனியாண்டி இஞ்சி போட்ட தேத்தண்ணி என்று கொடுத்த கப்பைக் குடித்துவிட்டு, அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார். எனக்கு ஆச்சரியம். அப்படி என்ன மூலிகை என்று பிளாஸ்க்கைத் திறந்தேன். இஞ்சி மணத்துக்கு அடியில் ஈர வைக்கோல் மாதிரி வேறு ஏதோ வாடை. பிடிபடவில்லை. சிஸ்டர் லிம்மிடம் நீட்டினேன். அவர் ஒருமுறை முகர்ந்தார். மூடியைத் திருகிக்கொண்டு, என் கையைப் பிடித்துக் கழுவும் அறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். அப்புறம்தான் காதோடு சொன்னார். கஞ்சா.

அந்த வருஷங்களில் போதைப்பொருள் என்றாலே தூக்குத்தான் என்று ஊரெல்லாம் போர்டு வைத்திருந்தார்கள். அது எங்கள் கையில், அரசாங்க ஆஸ்பத்திரிக்குள், பாதி பிளாஸ்க். நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சிஸ்டர் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினார். பிளாஸ்க்கைச் சோப்புப் போட்டு மறுபடி மறுபடி கழுவினார். பிறகு முனியாண்டியைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை கொண்டுவந்தால் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். அவ்வளவு பெரிய ஆள் தலையைக் குனிந்துகொண்டு, “ஒரே ஒரு நாள் வாந்தி எடுக்காம வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு சிஸ்டர்” என்றார். அவர் மறுபடி கொண்டுவரவில்லை. மீதி நாட்களுக்கெல்லாம் பக்கெட்டோடுதான் உட்கார்ந்தார், குணமாகி லோரி ஓட்டவும் போனார். அன்று கழுவும் அறையை விட்டு வெளியே வரும்போது, இதை யாரிடமாவது சொல்லவேண்டுமா என்று நான் கேட்டேன். சிஸ்டர் லிம் கையைத் துடைத்துக்கொண்டார்:

“நான் கொட்டினது தேத்தண்ணி. நீ பார்த்ததும் தேத்தண்ணி. போய் அடுத்த ஆளைக் கவனி.”

தட்டு

இதைச் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன்.

கிள்ளான் பக்கம் மேருவிலிருந்து ராமையா என்பவர் மகளைக் கூட்டிவருவார். பேக்டரியில் ஜாகா, அதாவது காவல்காரர் வேலை, யூனிஃபார்மோடு அப்படியே வந்துவிடுவார். மகள் மாலதி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவள். ரத்தப் புற்று. தாய் இல்லை. கடுமையான மருந்தெல்லாம் முடிந்து, ரத்தம் சுத்தமாகி, இனி வீட்டிலிருந்தே நெடுநாள் மாத்திரை சாப்பிட்டால் போதும் என்கிற நிலைக்கு வந்திருந்தாள். எங்கள் எல்லாருக்கும் செல்லம். மாதாமாதம் ரத்தம் சோதித்து, மாத்திரை வாங்கிக்கொண்டு போவார்கள். ஆனால் அந்த மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குமட்டல், வயிற்றெரிச்சல், சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ராமையா ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொல்வார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும், பழகிவிடும் என்று நாங்களும் ஒவ்வொரு முறையும் அதையே சொன்னோம்.

பிறகு அவள் தேற ஆரம்பித்தாள். கன்னம் உப்பியது. முடி வளர்ந்தது. “பழகிடுச்சு பார்த்தீங்களா?” என்றேன் ராமையாவிடம். அவர் சிரித்தார். ரத்தமும் சில மாதம் நன்றாகவே இருந்தது. அப்புறம் ஒருநாள் ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர் நடராஜா, மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். அதிலும் அதுதான். நோய் திரும்பிவிட்டது. மாத்திரையைச் சரியாகக் கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். தினமும் என் கையாலேயே கொடுத்தேன் என்றார் ராமையா. பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஆஸ்பத்திரிப் பாட்டில், எங்கள் லேபிள். நான் உள்ளங்கையில் கொட்டினேன். பழுப்பு நிற உருண்டைகள். சீரகமும் வேம்பும் மணத்தன.

ராமையாவே மெதுவாகச் சொன்னார். யாரோ சொல்லி ஒரு வைத்தியரிடம் போனாராம். வயிற்றைப் புண்ணாக்காது, அதே வேலையைச் செய்யும் என்று அந்த வைத்தியர் கொடுத்த உருண்டைகளாம். மாத்திரைக் கம்பெனி மாறிவிட்டது என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் மாத்திரைகளை எறியவில்லை, அரசாங்கம் கொடுத்தது ஆயிற்றே என்று எல்லாவற்றையும் பத்திரமாக ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். டாக்டர் நடராஜா நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலதி வெளியே பெஞ்சில், மிச்சம் வைத்த கரிப்பாப் பலகாரத்தைத் தின்றுகொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மறுபடி எல்லாம் முதலிலிருந்து தொடங்கினோம். இரண்டாம் முறை மருந்து பிடிக்கவில்லை. எங்கள் வார்டிலேயே போய்ச்சேர்ந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து ராமையா ஒருநாள் வந்தார். அதே யூனிஃபார்ம். யாரையும் பார்க்க வந்ததாகத் தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் என் பக்கம் திரும்பாமலே பேசினார்:

“தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்காம சாப்பிட்டா மிஸி. அதைப் பார்த்துட்டு நான் எப்படி நிறுத்துவேன்?”

இத்தனை வருஷம் அந்த அறையில் நான் பார்த்த மருந்துகளிலெல்லாம், அளவு பார்க்காமல் கொடுக்கப்பட்டதும் பக்கவிளைவு அதிகமாக இருந்ததும், வீட்டிலிருந்து வந்த பிரியம் ஒன்றுதான்.